ஸ்டீயரிங் இறுகுதா? 'கிர்ர்'னு சத்தம் வருதா? பவர் ஸ்டீயரிங் ஆயிலை பாருங்க!

தோவாளை:

தோவாளை பூ மார்க்கெட்டுக்கு விடியும் முன்பே வாகனங்கள் வந்து குவிந்து விடும். பிச்சி, மல்லி, அரளி என்று பூக்களை ஏற்றிக்கொண்டு கேரளாவுக்கு பறக்க வேண்டும். ஓணம் நேரம் என்றால் கேட்கவே வேண்டாம். இந்த அவசரத்தில் டீசலை பார்க்கிற டிரைவர்கள், ஸ்டீயரிங் ஆயிலை பார்ப்பது அபூர்வம். ஆரல்வாய்மொழி கணவாய் காற்று வண்டியை பக்கவாட்டில் தள்ளும்போதுதான் அதன் அருமை தெரியும்.

எப்படி வேலை செய்கிறது?

என்ஜின் ஓடும்போது பெல்ட் மூலம் ஒரு பம்பு சுற்றுகிறது. அது ஆயிலை அழுத்தி அனுப்புவதால்தான் ஸ்டீயரிங் லேசாக திரும்புகிறது. ஆயில் குறைந்தால் பம்பு காற்றை இழுக்கும். 'கிர்ர்' என்று சத்தம் கிளம்பும். ஸ்டீயரிங் கல் மாதிரி இறுகும். அப்படியே ஓட்டினால் பம்பு தேய்ந்து போகும்.

பார்ப்பது எப்படி?

வண்டியை சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து ஆற விடுங்கள். பானெட்டை திறந்தால் ஸ்டீயரிங் படம் போட்ட மூடியுடன் சின்ன டப்பா இருக்கும். தூசி உள்ளே விழாமல் மூடியை துணியால் துடைத்துவிட்டு திறக்க வேண்டும். சில வண்டிகளில் டப்பாவின் வெளியிலேயே 'மினிமம்', 'மேக்சிமம்' கோடுகள் இருக்கும். சிலவற்றில் மூடியோடு குச்சி இருக்கும். அதில் 'கோல்ட்', 'ஹாட்' என்று இருந்தால், ஆறிய வண்டிக்கு 'கோல்ட்' கோடுதான் கணக்கு.

ஆயில் கறுத்து, கருகின வாடை அடித்தால் மாற்ற வேண்டும். நுரைத்திருந்தால் காற்று புகுந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஊற்றும்போது உஷார்

மூடியிலோ, வண்டியோடு தந்த புத்தகத்திலோ போட்டிருக்கும் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். பல வண்டிகளுக்கு சிவப்பு நிற ஏ.டி.எப். ஆயில். ஆனால் எல்லாவற்றுக்கும் அது ஒத்து வராது. கைக்கு கிடைத்தது என்று பிரேக் ஆயிலை ஊற்றினால் போச்சு. உள்ளே உள்ள ரப்பர் சீல்கள் ஊறி கெட்டு விடும். சில நூறு ரூபாயில் முடியும் வேலை, பல ஆயிரத்தில் போய் நிற்கும்.

கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மேல் கோட்டை தாண்டினால் சூட்டில் பொங்கி வழியும். பிறகு என்ஜினை ஓட விட்டு, ஸ்டீயரிங்கை மெதுவாக இரு பக்கமும் சில முறை திருப்பினால் காற்று வெளியேறும். கடைசி வரை திருப்பி அப்படியே பிடித்து வைக்கக் கூடாது. முடிந்ததும் அணைத்து, அளவை மறுபடி பாருங்கள்.

ஊற்றியும் குறைந்தால்..?

இது பெட்ரோல் மாதிரி எரிந்து தீருகிற ஆயில் அல்ல. குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் கறை தெரிந்தால் ஹோஸ், பம்பு, சீல் இவற்றை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஊற்றி ஊற்றி ஓட்டுவது வைத்தியம் ஆகாது. ஆயில் சரியாக இருந்தும் சத்தம் வந்தால் பெல்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது வரும் பல சின்ன கார்களில் ஸ்டீயரிங்குக்கு கரண்ட் மோட்டார்தான். அதில் இந்த டப்பாவே இருக்காது. தேடி அலைய வேண்டாம்.

ஓடும்போது திடீரென இறுகினாலும் பயப்படாதீர்கள். பலமாக திருப்பினால் வண்டி திரும்பும். வேகத்தை குறைத்து ஓரம் கட்டுங்கள். பூ அரை மணி நேரம் தாமதமாக போகலாம். ஆள் பத்திரமாக போய்ச் சேர வேண்டும்.