நிலாவரைக் கிணறு

யாழ்ப்பாணத்துப் புத்தூருக்கு அணித்தாயுள்ள நிலாவரைக் கிணறு அடியற்றதென்றும், இராமபிரான் அம்பெய்து ஆக்கியதென்றும் மக்கள் கூறுவர். ஆயின், அது மனிதர் அகழ்ந்ததன்று. மழைநீர் காபனீரொட்சைட்டைக் கலந்து மென்னமிலமாகிச் சுண்ணக்கல்லை நெடுங்காலம் கரைக்க, நிலத்தினுள் குகை தோன்றிற்று. அதன் கூரை இடிந்து வீழவே, ஞாயிற்றொளி படும் நீர்மடு வெளிப்பட்டது.

2016ஆம் ஆண்டில் கடற்படைச் சுழியோடிகள் அதனுள் இறங்கி ஆராய்ந்தனர். ஆழம் 50 மீற்றருக்குச் சற்று மேற்பட்டதென அறியப்பட்டது. மேலே நன்னீரும் கீழே உவர்நீரும் உள. நன்னீர் அடர்த்தி குறைந்ததாதலின் உவர்நீரின்மேல் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நிற்பின், கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும் என்பது பொதுவிதி. எனவே, மேல்மட்டம் 1 அடி தாழுமாறு இறைப்பின், உவர்நீர் 40 அடி மேலெழும்.

வற்றாத ஆறில்லாக் குடாநாட்டின் கிணறுகளும் இவ்விதிக்கு உட்பட்டனவே. அடியற்றதென்னும் எண்ணத்தை விடுத்து, அளவறிந்து இறைத்தல் நம் கடனாகும்.