ஒரு ஸ்கேனுக்கு எத்தனை சவரன்?

வயிற்றுக் கட்டிக்கு எடுக்கும் சிடி ஸ்கேனில் கான்ட்ராஸ்ட் ஊசியாக ஏறுவது சுமார் 100 மில்லி மருந்து. மில்லிக்கு 300 மில்லிகிராம் என்றால், உடம்புக்குள் போகும் அயோடின் 30 கிராம். அதற்குப் பதில் தங்க நானோதுகள் என்றால் எவ்வளவு ஆகும்?

2006-இல் ஜேம்ஸ் ஹெய்ன்ஃபெல்ட் குழு எலிகளில் சோதித்த துகளின் விட்டம் 1.9 நானோமீட்டர், ஒரு துகளில் ஏறத்தாழ 200 அணுக்கள். 100 கிலோ எலக்ட்ரான்வோல்ட் எக்ஸ் கதிரை, எடைக்கு எடை, தங்கம் அயோடினைப் போல் 2.7 மடங்கு தடுக்கிறது. 30-ஐ 2.7-ஆல் வகுத்தால் 11 கிராம், அதாவது 1.4 சவரன். கணக்குக்காக கிராம் 10,000 ரூபாய் என்று வைத்தால் உலோகத்துக்கு மட்டும் 1,10,000 ரூபாய். இதுவே தங்கத்துக்குச் சாதகமான கணக்கு. 80.7 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டைத் தாண்டினால்தான் தங்கம் முந்தும். அதற்குக் கீழே 33 வரை அயோடின்தான் மேல். வழக்கமான சிடி கருவியின் கதிரில் பெரும்பகுதி அந்தக் கீழ்ப்பகுதியில் விழுகிறது. 2004-இல் அதே குழு கதிர்சிகிச்சைச் சோதனையில் எலிகளுக்கு ஏற்றிய உச்ச அளவு கிலோவுக்கு 2.7 கிராம். 60 கிலோ மனிதருக்கு அது 162 கிராம், இருபது சவரன்.

விலையைவிட எனக்குக் கவலை தருவது, ஏறிய உலோகம் எங்கே போகிறது என்பது. சுமார் 5.5 நானோமீட்டருக்குள் இருந்தால் சிறுநீரகம் வடித்துவிடும். பெரிய துகளைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்ளும். 1930-களில் கான்ட்ராஸ்டாக ஏற்றிய தோரோட்ராஸ்ட் தோரியம் டைஆக்சைடின் நுண்துகள்தான். அது கல்லீரலில் தங்கி, ஆல்ஃபா கதிர் வீசி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றாக வெளிப்பட்டது. தங்கத்துக்குக் கதிரியக்கம் இல்லை. ஆனால் உடம்புக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இரும்புக்கு உண்டு. எம்ஆர்ஐக்கான இரும்பு ஆக்சைடு துகளான ஃபெருமாக்ஸ்ட்ரானின் அளவு கிலோவுக்கு 2.6 மில்லிகிராம் இரும்பு. 60 கிலோவுக்கு 156 மில்லிகிராம். ஒருமுறை ரத்ததானம் செய்தால் போகும் இரும்பே 200 மில்லிகிராமுக்கு மேல். ஏறிய இரும்பை உடம்பு ஹீமோகுளோபினில் சேர்த்துக்கொள்கிறது. நல்ல நிணநீர் முடிச்சில் விழுங்கு செல்கள் துகளை உண்பதால் படத்தில் அது கறுக்கும். புற்று பரவிய இடம் வெளுப்பாகவே நிற்கும்.

2003-இல் புராஸ்டேட் புற்றுநோயாளிகள் 80 பேரின் 334 முடிச்சுகளைப் பார்த்தார்கள். புற்று இருந்தவை 63. அவற்றில் 45 வழக்கமான அளவுகோலுக்குள் சிக்காதவை. சாதாரண எம்ஆர்ஐ கண்டுபிடித்தது 35.4 சதவீதம். துகளோடு 90.5 சதவீதம்.

இத்தனைக்கும் பிறகு, 2007-இல் ஐரோப்பிய அனுமதி விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. அந்த 45 முடிச்சுகளைப் பார்க்கும்போது, இது கைவிடக் கூடாத மருந்து என்றே சொல்வேன். நெதர்லாந்தின் நைமேகன் நகரில் ராட்பவுட் பல்கலைக்கழக மருத்துவர்கள் அதை மீண்டும் தயாரித்து நோயாளிகளுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.