தோற்பதற்கென்றே நிற்கும் மனிதர்

சேலம் மாவட்டத்திலே காவிரியாற்றின் குறுக்கே 1934ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பட்ட பேரணையினால் மேட்டூர் என்னும் ஊர் நம்மவர் பலருக்கும் பெயரளவில் அறிமுகமானது. தஞ்சை வயல்களுக்கு நீர் திறந்துவிடுங் காலத்திலே அவ்வூரின் பெயர் பத்திரிகைகளில் அடிபடுவது வழக்கம். ஆயினும் அணையைப் பாராது ஒரு மனிதரைப் பார்ப்பதற்காகவே பிறநாட்டுப் பத்திரிகை நிருபர்கள் அங்கே சென்றதுண்டு. கே. பத்மராஜன் என்னும் அம்மனிதர் மேட்டூரிலே ரயர் பழுதுபார்க்குங் கடை நடத்தி வந்தவர். 1988ஆம் ஆண்டு தொடங்கித் தேர்தலுக்குத் தேர்தல் மனுச்செய்து, 2024ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலுக்கு முன்னரே 238 தடவை தோல்வி கண்டவரென எண்ணப்பட்டவர். ஒன்றிலேனும் வென்றாரில்லை. ஊரார் அவருக்குத் 'தேர்தல் மன்னன்' என்று பட்டஞ் சூட்டினர். லிம்கா சாதனைப் புத்தகமோ இந்தியாவிலே மிகுதியான தோல்விகளைப் பெற்ற அபேட்சகர் என்று அவர் பெயரைப் பதிந்தது.

அவர் முதன்முதல் நாடிய ஆசனம் தமது சொந்த ஊராகிய மேட்டூர்ச் சட்டசபைத் தொகுதியேயாம். ரயர்க்கடைக்காரன் ஒருவன் சட்டசபைக்கு நிற்பதாவது என்று பலரும் நகைத்தனர். சாமானிய மனிதனும் தேர்தலிலே பங்குகொள்ளலாம் என்று காட்டுவதற்காகவே தாம் நின்றதாகப் பின்னாளில் அவர் கூறியிருக்கிறார். நகைத்தவர்கள் நகைத்துக்கொண்டேயிருக்க, அவர் நின்றுகொண்டேயிருந்தார். உள்ளூர்ச் சபைகள், சட்டசபை, பாராளுமன்றம், ஜனாதிபதி பதவி என்று ஒன்றையும் விட்டுவைத்தாரில்லை. வாஜ்பாய், நரசிம்மராவ், மன்மோகன் சிங், நரேந்திர மோடி ஆகியோரை எதிர்த்தெல்லாம் மனுச்செய்தவர் என்று அவரைப்பற்றிய செய்திகள் கூறும்.

இவ்விடத்திலே நம் நாட்டு வாசகர்களுக்குச் சில சொற்களை விளக்குதல் நன்று. நாம் 'நியமனப்பத்திரம்' என்பதை அங்கே 'வேட்புமனு' என்பர். நாம் 'கட்டுப்பணம்' என்பது அங்கே ஏட்டில் 'வைப்புத்தொகை'. பேச்சில் எல்லாருக்கும் 'டெபாசிட்'. "டெபாசிட் போயிற்று" என்றால் அதற்குமேல் ஓர் அவமானம் அந்நாட்டு அரசியலில் இல்லை. செல்லுபடியான வாக்குகளில் ஆறிலொரு பங்குக்கு மேற் பெறாதவனுடைய பணம் அரசாங்கத்தைச் சேரும்.

இப்பணத்தின் கதையே தனிக்கதை. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி சட்டசபை அபேட்சகர் ஒருவர் கட்டவேண்டியிருந்த தொகை 250 ரூபா. அத்தொகை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அப்படியே கிடந்தது. ரூபாவின் மதிப்புத் தேயத் தேய, தேர்தலில் நிற்பது மலிவான காரியமாயிற்று. 1996ஆம் ஆண்டிலே ஈரோட்டுப் பக்கத்து மொடக்குறிச்சித் தொகுதியில் நிகழ்ந்ததை யாரே மறப்பர்? தங்கள் குறைகளை அரசாங்கத்தின் கண்ணுக்குக் காட்டவேண்டுமென்று விவசாயிகள் திரள்திரளாக மனுச்செய்ய, ஓர் ஆசனத்துக்கு 1,033 அபேட்சகர்கள்! வாக்குச்சீட்டு ஒரு புத்தகமாயிற்று. வாக்கெடுப்பையும் ஒத்திவைக்க நேர்ந்தது. ஒரு வாக்குக்கூடப் பெறாதார் பலர் அதிலே இருந்தனர் என்பது இன்னொரு வேடிக்கை. தம் வாக்கையேனும் தமக்கு இடவேண்டுமென்று அவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

அதே ஆண்டிலே சட்டம் திருந்தியது. சட்டசபைக்கு 5,000 ரூபா, பாராளுமன்றத்துக்கு 10,000 ரூபா என்று கட்டுப்பணம் உயர்ந்தது. கட்சியற்ற அபேட்சகரைத் தொகுதி வாக்காளர் பத்துப்பேர் முன்மொழிய வேண்டும் என்றும், ஒருவர் ஒரு பொதுத்தேர்தலில் இரண்டு தொகுதிகளுக்கு மேல் நிற்றலாகாது என்றும் விதிகள் வந்தன. பின்னர் 2010 முதல் அத்தொகைகள் முறையே 10,000 என்றும் 25,000 என்றும் ஆயின. அட்டவணை வகுப்பினர்க்கும் பழங்குடியினர்க்கும் பாதித்தொகை. ஜனாதிபதித் தேர்தலின் கதவு இதனினும் இறுக்கமாகச் சாத்தப்பட்டது. 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் 17 பேர் நின்று, அவருள் ஒன்பதின்மர் ஒரு வாக்கும் பெறாதொழிந்தமையால், 1974இலே முன்மொழிவோர் பதின்மரும் வழிமொழிவோர் பதின்மரும் வேண்டுமென்று விதித்தனர். 1997இலே அது ஐம்பதும் ஐம்பதுமாயிற்று. முன்மொழிவோரும் பாராளுமன்ற, சட்டசபை உறுப்பினர்களாக இருத்தல் வேண்டும். மேட்டூர்க் கடைக்காரருக்கு நூறு உறுப்பினர் கையொப்பமிடுவது எங்ஙனம்?

ஆக, மனிதர் மாறவில்லை. அவர் செலுத்தவேண்டிய விலைதான் ஏறியது. முதன்முறை நின்ற காலத்தில் 250 ரூபாவுக்குக் கிடைத்த தோல்வி, 2011இலே 10,000 ரூபாவுக்கு வந்துவிட்டது. மொத்தத்தில் ஒரு கோடி ரூபாவரையிற் செலவாயிருக்கும் என்று அவரே மதிப்பிட்டதாகச் செய்திகள் வந்தன. ரயர் ஒட்டிச் சம்பாதித்த பணம் அது. இப்பணத்தைக்கொண்டு ஒரு குடும்பம் எத்தனையோ காரியம் பார்த்திருக்கலாமே என்று இல்லறத்தார் எவர்க்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. வீட்டிலுள்ளார் பொறுமையைப்பற்றி எந்தப் பத்திரிகையும் போதிய அளவு எழுதவில்லை என்பது என் குறை.

2011ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தலைச் சற்று நின்று பார்த்தல் வேண்டும். மேட்டூரில் அம்முறை அவருக்கு 6,273 வாக்குகள் விழுந்தன. அவர் வாழ்நாளிற் பெற்ற உச்சத் தொகை அதுவே. வென்றவர் பெற்றது 75,000க்கு மேல். ஏறத்தாழப் பன்னிரண்டுக்கு ஒன்று என்னும் கணக்கு. கட்டுப்பணம் போனது சொல்லாமலே விளங்கும். வாக்கொன்றுக்கு ஒன்றரை ரூபாவுக்குச் சற்று மேலாக இழந்தார் என்று கணக்குப்பார்த்தால், பணத்தை வாரியிறைக்குங் கட்சிகளினும் இவரே சிக்கனக்காரர்!

ஒரு வாக்கேனும் கிடைக்குமென்று தாம் எதிர்பார்க்கவில்லை என்றார் அவர். ஆயின், ஆறாயிரத்துச் சொச்சம் மனிதர் வெயிலில் வரிசையாக நின்று, கட்சிச் சின்னங்கள் யாவற்றையும் கடந்து, பட்டியலின் அடிப்பகுதியிலே கிடந்த பெயரைத் தேடிப்பிடித்து விசையை அழுத்தினார்களே, அவர்கள் யார்? அடிப்பகுதி என்று கூறுவதற்குக் காரணமுண்டு. இந்திய வாக்குப்பட்டியலில் அங்கீகாரம் பெற்ற கட்சிகளின் அபேட்சகர்கள் முதலிலும், ஏனைய பதிவுபெற்ற கட்சியினர் அடுத்தும், சுயேச்சைகள் கடைசியிலும் வருவர். தவறுதலாக விரல் பட்டுவிழும் வாக்குகள் சில இருக்கலாம். ஆறாயிரம் விரல்கள் தவறா. எவர்க்கும் வாக்களிக்க விரும்பாதார்க்கென ஒரு தனி விசை அந்நாட்டில் 2013இலேதான் வந்தது. 2011இல் கட்சிகள்மீது கசப்புற்ற ஒருவன் அக்கசப்பைக் காட்டுதற்கு ரயர்க்கடைக்காரரின் பெயரே வாய்ப்பாக இருந்திருக்கலாம். நம்மூர்க்காரர், நாம் அறிந்தவர், இத்தனை முறை தோற்றவருக்கு ஒருமுறையேனும் போடுவோம் என்று எண்ணியவரும் இருந்திருப்பர். இவை என் ஊகங்களே.

இவர் செய்வது விளையாட்டு, தேர்தலின் கண்ணியத்துக்கு இழுக்கு என்று வாதிப்போர் உளர். அவ்வாதத்தை நான் முற்றாகத் தள்ளமாட்டேன். பெயர்ப்பட்டியல் நீண்டால் செலவு நீளும், எழுத்தறிவு குறைந்தவன் தடுமாறுவான். 2019இலே தெலுங்கானாவின் நிசாமாபாத்திலே மஞ்சள் விவசாயிகள் திரண்டு மனுச்செய்ய, 185 அபேட்சகர்களுக்காக வாக்கு இயந்திரங்களைப் பக்கம்பக்கமாக அடுக்கவேண்டி வந்தது. ஆனால் நீட்டியவர்கள் ஒரு முறையீட்டோடு வந்த உழவர்கள். ஒரு பெரிய கட்சியின் வாக்கைப் பிரிப்பதற்காக அதன் அபேட்சகரின் பெயரையுடைய மற்றொருவரைத் தேடிப்பிடித்து நிறுத்துகிறார்களே, அதுவன்றோ இழுக்கு? மேட்டூர்க்காரர் எவருடைய கைப்பாவையாகவும் நின்றதாகக் கேள்வியில்லை.

இதே வழியில் முன்னோடிகளும் உண்டு. பரேலி நகரத்துத் துணிவணிகர் காகா ஜோகிந்தர் சிங் முந்நூறுக்கு மேற்பட்ட தேர்தல்களுக்கு மனுச்செய்தவர். 'தர்த்தீ பகட்' என்பது அவர் பட்டப்பெயர். மண்ணைப் பற்றிக்கொண்டவர் என்பது பொருள். 1992ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலிலே சங்கர் தயாள் சர்மாவை எதிர்த்து நின்று 1,135 வாக்குமதிப்புப் பெற்று நான்காமிடத்தில் வந்தார். 1998இலே காலமானார். கர்நாடகத்திலே ரங்கசாமி என்பவர் 'ஹொட்டே பக்ஷ', அதாவது வயிற்றுக் கட்சி என்னும் பெயரில் எண்பதுக்கு மேற்பட்ட தேர்தல்களைக் கண்டவர். வயிற்றைக் கட்சிக்கொள்கையாக்கியவர் அவர் ஒருவரே என்று சொல்லமாட்டேன். வெளிப்படையாகச் சொன்னவர் அவர்.

நமது நாட்டிலே இத்தகையவர் தோன்றுவாரா என்று என்னிடம் மாணாக்கர் கேட்டதுண்டு. குடியியற் பாடத்துக்குப் பொருத்தமான கேள்விதான். விடை, சட்டம் இடந்தராது என்பதே. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தபின் தனியொருவர் பாராளுமன்றத்துக்கு நிற்றல் இயலாது. ஒரு மாவட்டத்தின் ஆசனங்களின் தொகையோடு மேலும் மூவரைச் சேர்த்துச் சுயேச்சைக் குழுவொன்று அமைத்தல் வேண்டும். ஜனாதிபதித் தேர்தலுக்குச் சுயேச்சையாக நிற்பவரும் பாராளுமன்ற உறுப்பினராக இருப்பவர் அல்லது முன்னர் இருந்தவராதல் வேண்டும். தனியே நின்று தனியே தோற்கும் உரிமை இங்கே இல்லை. தமிழ்நாட்டிலோ இருபத்தைந்து வயது நிரம்பிய, அவ்விராச்சியத்து வாக்காளர் பட்டியலிற் பெயருடைய எவரும், பத்துப்பேர் கையொப்பமும் பணமும் இருந்தாற் பொதுவான 188 ஆசனங்களுள் எதற்கும் மனுச்செய்யலாம்.

தப்பித்தவறி வென்றுவிட்டால் என் செய்வீர் என்று பத்மராஜனிடம் நிருபர்கள் கேட்டபோது, அதிர்ச்சியில் மாரடைப்பு வந்துவிடும் என்று விடையிறுத்தார். வேட்புமனுக்களையும் அடையாள அட்டைகளையும் ஒன்று தவறாமல் உறையிட்டுப் பாதுகாத்து வைத்திருப்பவர். மீன், மோதிரம், தொப்பி, தொலைபேசி என்று பலவகைச் சின்னங்கள் அவருக்கு வாய்த்ததுண்டு. 2024இலே தருமபுரித் தொகுதியில் பாராளுமன்றத்துக்கு 25,000 ரூபா கட்டி நின்றபோது அவருக்குக் கிடைத்த சின்னம் ரயர். அம்முறையும் வென்றவர் வேறொருவரே.