புகுந்த ஊர்

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக அட்டனுக்குச் செல்லும் நெடுஞ்சாலை, கித்துல்கலையைக் கடந்ததும் மலையேறத் தொடங்குகிறது. களனி கங்கையின் பள்ளத்தாக்கு கீழே விலக, வளைந்து வளைந்து ஏறும் பாதை கினிகத்தேனையை அடைகிறது. இலங்கையில் மிகுந்த மழை பெறும் பகுதிகளுள் இதுவும் ஒன்று. நாவலப்பிட்டியிலிருந்து வரும் சாலையும் இங்கே வந்து கூடுகிறது. ஆதலால் இவ்வூரைத் தேயிலை நாட்டின் ஒரு வாயில் என்று கூறினால் பிழையாகாது. வாயில் என்பது வருவோருக்கும் வழி; போவோருக்கும் வழி. சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்த பெண்கள் பலர், தைத்த ஆடைத் தொழிற்சாலைகளையும் கடைகளையும் நாடி இன்று இவ்வழியாகவே கொழும்புக்கு இறங்கிச் செல்கின்றனர். வேற்றூரில் புது வாழ்வு அமைக்கச் செல்லும் பெண் எதை மூலதனமாகக் கொள்வது? இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது, இதே மலைநாட்டுக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஒரு பெண்மணியின் வரலாறு நினைவுக்கு வருகிறது. அவர்தாம் மீனாட்சி அம்மாள்.

மீனாட்சி அம்மாள் தமிழகத்திலிருந்து இலங்கைக்கு வந்தவர். பத்திரிகையாளரும் தொழிற்சங்கத் தலைவருமான கோ. நடேசய்யரின் துணைவியார். தஞ்சையைச் சேர்ந்த நடேசய்யர், தோட்டங்களுக்குள் வெளியார் எளிதில் நுழைய இயலாத அக்காலத்தில், புடவை வியாபாரி போல வேடம் பூண்டு உள்ளே சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தவர். 1920களில் இத்தம்பதியின் வாழ்வு கொழும்பில் நடந்தது. 1924ஆம் ஆண்டில் தோன்றிய ‘தேசபக்தன்’ ஏட்டின் பணியில் கணவருக்குத் தோள் கொடுத்ததோடு, பெண்களின் உரிமை குறித்து அவ்வேட்டில் எழுதியும் வந்தார் அம்மையார். 1931ஆம் ஆண்டில் நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அதன் தலைமையிடம் அட்டன் ஆயிற்று. அம்மையாரின் வாழ்வும் மலைநாட்டுக்கு மாறியது.

இவ்விரண்டாம் மாற்றம் எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள். கொழும்பு நகரம் பத்திரிகை படிப்போரும் அச்சுக்கூடங்களும் நிறைந்தது. மலைநாட்டிலோ பெரும்பாலான தொழிலாளர் எழுத்தறியாதவர். விடியுமுன் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, கூடை சுமந்து மலையேறி, மழையிலும் பனியிலும் கொழுந்து பறித்து, இருள் கவியும் வேளையில் லயத்துக்குத் திரும்பும் பெண்கள் அவர்கள். ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதனினும் குறைந்த சம்பளம் என்பது அன்றைய சட்டமே வகுத்த முறை. அம்முறை நீங்கிச் சம சம்பளம் கிட்டியது 1984ஆம் ஆண்டிலேதான். எழுத்தையே தொழிலாகக் கொண்ட ஒரு பெண், எழுத்து எட்டாத இம்மக்களிடையே என்ன செய்ய இயலும்?

இங்கேதான் அம்மையாரின் அறிவு வெளிப்படுகிறது. தம் கையிலிருந்த பேனா இங்கு முழுப் பயன் தராது என்பதை உணர்ந்தவர், தம்மிடம் இருந்த மற்றொரு செல்வத்தை எடுத்துக்கொண்டார். அது அவருடைய குரல். தொழிலாளர் கூட்டங்களில் அவர் பாடினார். பிறர் பாடல்களோடு நில்லாது, தொழிலாளரின் துயரையும் உரிமையையும் பொருளாக வைத்துத் தாமே பாட்டுகள் புனைந்தார்.

பாட்டை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதற்குக் காரணம் உண்டு. துண்டுப் பிரசுரம் தோட்டத்து எல்லையில் தடுக்கப்படலாம். மேடைப் பேச்சாளர் உள்ளே வரக் கூடாது எனத் துரை கட்டளையிடலாம். ஆனால் நகரத்துக் கூட்டத்தில் கேட்ட பாட்டு, கேட்டவர் நாவில் ஏறி எந்தக் காவலையும் கடந்து தோட்டத்துக்குள் சென்றுவிடும். கங்காணி அதைச் சோதித்துப் பறிக்க முடியாது. மேலும், நாற்று நடுகையிலும் தாலாட்டுகையிலும் ஒப்பாரியிலும் பாட்டோடே வாழ்ந்த பரம்பரையில் வந்தவர்கள் இம்மக்கள். அறிந்த மெட்டில் வந்த புதிய கருத்து அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

1939ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலி பெற்ற இந்தியர்களை விலக்கும் திட்டம் செயலுக்கு வந்தது. அவ்வாண்டு ஜூலை மாதம் ஜவாஹர்லால் நேரு இலங்கைக்கு வந்தார். இலங்கை இந்தியர் காங்கிரஸும் அப்பொழுது தோன்றியது. இந்த நாட்டில் எமக்கு இடமுண்டா என்ற கேள்வி ஒவ்வொரு லயத்திலும் எழுந்த வேளை அது. அவ்வேளையில்தான், 1940ஆம் ஆண்டில், மீனாட்சி அம்மாளின் பாடல்கள் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் பெயருடன் சிறு நூலாக வெளிவந்தன. தலைப்பிலேயே அதன் நோக்கம் விளங்குகிறது. தம் சொந்தத் துயரைப் பாட அவர் வரவில்லை. ஒரு சமூகத்தின் நிலைமையை எடுத்துரைக்க வந்தார்.

பெண் பொதுமேடை ஏறுவதே புதுமையாக இருந்த காலம் அது. அந்தணர் குலத்துப் பெண்ணொருவர் தோட்டத் தொழிலாளர் நடுவே நின்று பாடுவது அதனினும் பெரும் புதுமை. சாதி வகுத்த தூரத்தையும், கல்வி உண்டாக்கிய தூரத்தையும், நகரத்துக்கும் லயத்துக்கும் இடையேயிருந்த தூரத்தையும் அவர் கடக்க வேண்டியிருந்தது. ஊர் மாறுவது என்றால் பெரும்பாலோர் நிலம் மாறுவதையே நினைக்கின்றனர். உண்மையில் கடக்கக் கடினமானவை இத்தகைய தூரங்களே.

பின்னர் வந்த வரலாறு இனிமையானதன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின், இலட்சக்கணக்கானோர் தாம் பிறந்த மலைகளை விட்டு இந்தியாவுக்குச் சென்றனர். எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. அம்மையார் பாடிய ஐயம் வீண் ஐயமன்று என்பதற்கு இவை சான்று.

நேயர்களே, கினிகத்தேனைச் சந்தியில் பையுடன் கொழும்புப் பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்ணின் நிலை வேறு. மீனாட்சி அம்மாளின் நிலை வேறு. இவள் வறுமையால் புறப்படுகிறாள். அவர் பணியின் பொருட்டு வந்தார். ஆயினும் இருவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. புகுந்த ஊர் நம்மை ஏற்குமோ என்று வாயிலில் நின்று காத்திருந்தால் காலம் போய்விடும். நம்மிடம் உள்ளதில் எது அவ்வூருக்குத் தேவை என்று கண்டு, அதனைக் கொடுக்கத் தொடங்கும் நாளே நாம் குடிபுகும் நாள். அம்மையார் குரலைக் கொடுத்தார். கொழுந்து பறித்துப் பழகிய விரல்களின் விரைவையும், லயத்து வாழ்வில் அண்டை வீட்டாரோடு பகிர்ந்துண்டு கற்ற ஒற்றுமையையும் இந்தப் பெண் கொண்டு செல்கிறாள். அவளுடைய பையில் இடம்பெறாத பொருள்கள் இவை. ஆயினும் புது ஊரில் அவளுக்கு முதலில் கைகொடுக்கப் போகின்றவையும் இவையே.