உங்களுக்குத் தெரியுமா? வலி ஓரிடம், கோளாறு வேறிடம்!

காது குடைகிறது என்று வருபவரின் காது நன்றாகவே இருக்கும். பழுது தாடை மூட்டில். முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருபவருக்குத் தேய்ந்திருப்பது இடுப்பு மூட்டாக இருக்கலாம். வலிக்கும் இடத்துக்கும் பழுதான இடத்துக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போவதால் மூளை ஏமாந்துவிடுகிறது.

காலை உள்பக்கம் திருப்பினால் வலிக்கிறதா, வாய் மூன்று விரல் அளவு திறக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் சோதனை. எக்ஸ்ரே பிறகு.

நாமக்கல் மாவட்டத்தில் மூட்டு வலி என்று வருபவரிடம் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: குடிப்பது எந்தத் தண்ணீர்? இங்கும் சேலம், தருமபுரிப் பக்கமும் சில ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு அதிகம். அனுமதிக்கப்பட்ட உச்சம் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதைவிடப் பல மடங்கு கூடிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் முதுகும் இடுப்பும் இறுகும். தொடக்கத்தில் வெறும் மூட்டுவாதம் போலவே தெரியும். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் ஃபுளோரைடால் வரும் இந்நோய் பரவியிருந்ததை ஷார்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1937-லேயே எழுதினர். மாத்திரையைவிட முதல் மருந்து, தண்ணீரை மாற்றுவதுதான்.

தாடை வலி பெரும்பாலும் மெல்லிய உணவு, வெந்நீர் ஒத்தடம், பயிற்சியிலேயே அடங்கும். இடுப்புக்கு அறுவை சிகிச்சை கடைசி வழி.

ஆனால் தாடை வலியோடு நெஞ்சு இறுகி வியர்த்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.