கடன் அட்டை: எது என்று கேட்பதற்கு முன், எப்போது என்று கேளுங்கள்

கடன் அட்டை குறித்துக் கிளைக்கு வரும் வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வகையானவை. ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, விமான நிலைய ஓய்வறையைப் பயன்படுத்த முடியுமா, பெட்ரோலுக்குச் சலுகை உண்டா என்று கேட்பார்கள். "இப்போது விண்ணப்பிக்கலாமா, இன்னும் இரண்டு மாதம் பொறுக்கலாமா?" என்று கேட்பவர் அரிது. விண்ணப்பம் ஏற்கப்படுமா, ஏற்கப்பட்டால் எவ்வளவு வரம்பு கிடைக்கும் என்பன பல நேரங்களில் யாரும் கேட்காத இந்தக் கேள்வியைப் பொறுத்தே அமைகின்றன.

ஒருவருடைய வாழ்நாள் நாணயத்தை அளந்து பார்க்கும் வசதி எந்த வங்கிக்கும் இல்லை. விண்ணப்பம் பரிசீலிக்கப்படும் நாளில் கணினித் திரையில் என்ன தெரிகிறதோ அதைக் கொண்டே முடிவெடுக்கப்படுகிறது. வருமானச் சான்று, கடன் தகவல் அறிக்கை, அந்த வங்கியின் உள் விதிகள் ஆகிய மூன்றும் அன்றைக்கு எந்நிலையில் உள்ளன என்பதே கணக்கு. அதே மனிதர் ஆறு வாரம் கழித்து விண்ணப்பித்தால் வேறு முடிவு கிடைப்பதில் வியப்பில்லை.

அறிக்கை சற்றுப் பிந்தியே பேசும்

இம்மூன்றில் வாடிக்கையாளர்கள் மிகுதியும் தவறாகப் புரிந்துகொள்வது கடன் தகவல் அறிக்கையைத்தான். டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் நம் நாட்டில் இயங்குகின்றன. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் விவரங்களைத் திரட்டி, 300 முதல் 900 வரையிலான ஒரு மதிப்பெண்ணாக அவை தருகின்றன. பொதுமக்கள் வழக்கில் இதற்கு 'சிபில் ஸ்கோர்' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இந்த விவரங்கள் நாள்தோறும் சென்று சேர்வதில்லை. முன்பு மாதம் ஒருமுறை அனுப்பப்பட்டு வந்தன. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2025 ஜனவரி 1 முதல் மாதத்தின் 15ஆம் நாள், கடைசி நாள் ஆகிய இரு நாட்களின் நிலவரத்தை அனுப்பும் முறை வந்தது. வங்கி ஏழு நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். பெற்ற நிறுவனம் ஐந்து நாட்களுக்குள் பதிவேற்ற வேண்டும். 2025 ஆகஸ்ட் 20 அன்று ஒருவர் தம் தனிநபர் கடனை முழுதும் அடைத்துவிட்டார் என்று கொள்வோம். அது ஆகஸ்ட் 31 நிலவரத்தில்தான் இடம்பெறும். அறிக்கையில் தெரிவதற்கு செப்டம்பர் 12 வரைகூட ஆகலாம். கடன் தீர்ந்த மகிழ்ச்சியில் ஆகஸ்ட் 25 அன்றே அட்டைக்கு விண்ணப்பித்தால், வங்கியின் கண்ணுக்கு அவர் இன்னும் கடனாளிதான். மூன்று வாரம் காத்திருந்து, அறிக்கையைத் தாமே ஒருமுறை பார்த்துவிட்டு விண்ணப்பிப்பதே முறை.

ஏற்கெனவே ஒரு கடன் அட்டை வைத்திருப்போர் கவனிக்க வேண்டியது வேறொன்று. ரூ. 1,00,000 வரம்புள்ள அட்டையில் பண்டிகைச் செலவாக ரூ. 85,000 சென்றிருக்கிறது, கெடு நாளில் ஒரு ரூபாய் குறையாமல் கட்டியும்விடுகிறார். வட்டி இல்லை, தாமதம் இல்லை. ஆயினும் இடைப்பட்ட நாளில் அனுப்பப்பட்ட விவரத்தில் அந்த ரூ. 85,000 நிலுவையாகவே நிற்கும். வரம்பில் 85 சதவீதத்தைப் பயன்படுத்துபவர் பணநெருக்கடியில் இருக்கிறார் என்றே மதிப்பெண் கணக்கு எடுத்துக்கொள்ளும். 30 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. முழுத் தொகையையும் தவறாமல் கட்டுகிறவர்களே இந்த இடத்தில் அடிபடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். புதிய அட்டைக்கோ கடனுக்கோ விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், அதற்கு முந்தைய ஓரிரு மாதங்களில் பில் தயாராகும் நாளுக்கு முன்பாகவே பெரும்பகுதியைக் கட்டிவிடலாம். பில் நாள் சம்பள நாளோடு பொருந்தவில்லை என்றால் அதை மாற்றித் தருமாறு கேட்கலாம். ஒருமுறையேனும் அந்த வாய்ப்பை அளிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

ஒரே வாரத்தில் மூன்று விண்ணப்பம்

வணிக வளாக வாசலில் மேசை போட்டு அமர்ந்திருக்கும் இளைஞர் ஒரு பயணப் பையைப் பரிசாகக் காட்டி விண்ணப்பத்தில் கையொப்பம் கேட்பார். மறுநாள் கைப்பேசியில் வேறொரு வங்கியின் அழைப்பு வரும். "எதில் கிடைக்கிறதோ பார்ப்போம்" என்று மூன்றுக்கும் சரி சொல்பவர்கள் உண்டு. கடைத்தெருவில் நான்கு கடை ஏறி விலை கேட்பது போன்றதன்று இது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அந்தந்த வங்கி கடன் தகவல் அறிக்கையைக் கேட்டுப் பெறும்போது, எந்த நிறுவனம், எந்த நாளில், எதற்காகக் கேட்டது என்பது அறிக்கையிலேயே பதிவாகிறது. விண்ணப்பம் மறுக்கப்பட்ட செய்தி அங்கு எழுதப்படுவதில்லை. ஆனால் மூன்று விசாரணைகள் இருந்து, அவற்றைத் தொடர்ந்து ஒரு கணக்குகூடத் திறக்கப்படவில்லை என்றால், படிக்கும் அதிகாரி தாமே ஊகித்துக்கொள்வார். ஒருவர் தம் அறிக்கையைத் தாமே பெற்றுப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. இதைச் சொன்னாலும் நம்பாதவர்கள் பலர்.

இதன் விளைவு முழுமையாகத் தெரிவது வீட்டுக் கடனின்போது. பல வங்கிகள் இன்று வீட்டுக் கடன் வட்டியை விண்ணப்பதாரரின் மதிப்பெண்ணோடு இணைத்துள்ளன. ரூ. 40 லட்சம் கடன், 20 ஆண்டுத் தவணை. வட்டி 8.50 சதவீதமானால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 34,713. அதுவே 8.75 சதவீதமானால் ஏறத்தாழ ரூ. 35,348. மாதம் ரூ. 635 வேறுபாடு, 240 தவணைகளில் ரூ. 1.5 லட்சத்தைத் தாண்டுகிறது. எந்த அட்டையின் வரவேற்புப் பரிசும் இந்தத் தொகைக்கு அருகில் வராது. எனவே அடுத்த ஆறு மாதத்துக்குள் வீட்டுக் கடன் கேட்கும் திட்டம் உள்ளவர்கள் புதிய அட்டை எதற்கும் விண்ணப்பிக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. கட்டுமானத்தில் உள்ள வீடு என்றால், கடன் தொகை முழுவதும் கைக்கு வந்து சேரும் வரை பொறுத்திருக்கலாம்.

வருமானம் தாளில் தெரியும் நாள்

மாதச் சம்பளம் பெறுவோரிடம் அண்மைய சம்பளச் சீட்டுகளும், சம்பளம் வரவு வைக்கப்படும் கணக்கின் விவரமும் கேட்கப்படுகின்றன. ஊதிய உயர்வு ஆணை கையில் இருந்தால் மட்டும் போதாது. உயர்ந்த சம்பளம் இரண்டு மூன்று மாதம் கணக்கில் விழுந்த பின் விண்ணப்பித்தால் வரம்பும் அதற்கேற்ப அமையும். வேலை மாறியவர்கள் புதிய நிறுவனத்தில் தகுதிகாண் காலம் முடியும்வரை பொறுப்பது நல்லது. வேலையை விட்டுச் சொந்தத் தொழில் தொடங்க எண்ணுவோர் சம்பளம் வரும்போதே அட்டை வாங்கிவிடலாமா என்று கேட்பதுண்டு. எண்ணம் அளவில் இருக்கும்போது அதில் தவறில்லை. பதவி விலகல் கடிதம் கொடுத்துவிட்டு, பணியில் தொடர்வதாக விண்ணப்பத்தில் காட்டுவது உண்மையை மறைப்பதாகும்.

தொழில் செய்வோருக்கு வருமான வரிக் கணக்கே சான்று. முந்தைய ஆண்டை விட இந்த ஆண்டு வருமானம் கூடியிருந்தால், புதிய கணக்கைத் தாக்கல் செய்த பின்பே விண்ணப்பிக்க வேண்டும். தாக்கல் செய்தால் மட்டும் போதாது. 30 நாட்களுக்குள் மின்னணு முறையில் அதைச் சரிபார்த்து உறுதி செய்ய வேண்டும். அதை மறந்துவிட்டு, வெறும் தாக்கல் சீட்டோடு கிளைக்கு வருகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

இதுவரை எந்தக் கடனும் வாங்காதவருக்கு மதிப்பெண்ணே இராது. அதை மட்டும் காரணம் காட்டி முதன்முறை கடன் கேட்பவரின் விண்ணப்பத்தை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியுள்ளது. இருந்தாலும் அவசரம் இல்லாதவர்கள் நிலையான வைப்பின் பேரில் தரப்படும் அட்டையை எடுத்து, ஓராண்டு ஒழுங்காகப் பயன்படுத்தினால் பதிவு தானாக உருவாகும். தனி வருமானம் இல்லாத இல்லத்தரசிகளுக்கும் இந்த வழி பொருந்தும்.

நம்மால் கட்டுப்படுத்த முடியாத காலமும் ஒன்று உண்டு. 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி, வணிக வங்கிகளின் கடன் அட்டை நிலுவைகளுக்கான இடர் எடையை 125 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக உயர்த்தியது. ஒவ்வொரு ரூபாய் அட்டைக் கடனுக்கும் வங்கி கூடுதல் மூலதனத்தை ஒதுக்க வேண்டும் என்பது இதன் பொருள். இத்தகைய மாற்றம் வரும்போது வங்கிகள் தகுதி விதிகளை இறுக்குவது இயல்பு. "என் நண்பருக்கு இதே சம்பளத்தில் 2022இல் கொடுத்தீர்களே?" என்ற கேள்விக்கு விடை சில நேரங்களில் இங்குதான் இருக்கிறது.

மறுக்கப்பட்டால்

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டியது வங்கியின் கடமை. 2022ஆம் ஆண்டின் கடன் அட்டை நெறிமுறைகள் இதைத் தெளிவாகக் கூறுகின்றன. தயங்காமல் கேட்டுப் பெறுங்கள். காரணம் தெரியாமல் அடுத்த வாரமே வேறு வங்கியில் விண்ணப்பிப்பதால் இன்னொரு விசாரணைப் பதிவு சேர்வதுதான் மிச்சம். வருமானம் போதவில்லை என்பது காரணமானால் காலம்தான் தீர்வு. அறிக்கையில் பிழை என்றால் கடன் தகவல் நிறுவனத்திடம் முறையிடலாம். 30 நாட்களுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால் நாளொன்றுக்கு ரூ. 100 வீதம் இழப்பீடு பெற விதி உண்டு. ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் ஒரே நாளில் வாங்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாகப் பெற்றால் ஆண்டு முழுவதும் நம் பதிவின்மீது செலவில்லாமல் ஒரு கண் வைத்திருக்கலாம்.

அட்டை வந்த பின் வேண்டாம் என்று தோன்றினால் அதை இயக்கத்துக்குக் கொண்டுவராமல் விடலாம். 30 நாட்களுக்கு மேல் அவ்வாறு இருந்தால், ஒருமுறைக் கடவுச்சொல் வழியாக உங்கள் ஒப்புதலை வங்கி கேட்க வேண்டும். ஒப்புதல் தராவிட்டால் கட்டணமின்றிக் கணக்கை முடித்துவிட வேண்டும். இயக்கப்படாத அட்டையின் விவரத்தைக் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்பவும் கூடாது.

பணி ஓய்வு பெறும் நாள் நெருங்குவோருக்கு ஒரு சொல். அட்டை வழங்குவதற்கான உச்ச வயது வங்கிக்கு வங்கி வேறுபடும். சம்பளம் நின்று ஓய்வூதியம் தொடங்கும் இடைவெளியில் வருமானச் சான்று காட்டுவதும் எளிதன்று. மருத்துவமனைச் செலவு, பிள்ளைகளைக் காணச் செல்லும் பயணம் ஆகியவற்றுக்கு அட்டை தேவைப்படும் என்று கருதினால், கடைசிச் சம்பளத்துக்கு ஆறேழு மாதம் முன்னதாகவே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.