உடைந்த பொம்மைகளுக்குக் காசு கொடுத்தவர்

ஸ்ட்ராவின்ஸ்கியின் 'நரி' என்ற இசை நாடகத்தோடு போன வாரம் நிறுத்தினோம். இசையமைப்பாளர்களிடம் கேட்டு எழுதி வாங்கிக் காசு கொடுத்த சீமாட்டி வின்னரெட்டா சிங்கர் யார், அவர் தகப்பனார் தையல் மிஷின் விற்ற பணம் எந்த வழியாகப் பாரிஸ் சங்கீதத்துக்கு வந்து சேர்ந்தது என்பதெல்லாம் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் இசையமைப்பாளர் எரிக் சாத்தியின் 'சாக்ரடீஸ்' என்று சொல்லியிருந்தேன். ஆனால் அதற்குள் ஒரு பழைய கணக்குச் சீட்டில் மனம் மாட்டிக்கொண்டது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

கணக்கு இது. தலை போன அரசன் ஒருவன்: நாலரை ரியால். மேலிருந்து கீழே இரண்டாகப் பிளந்துபோன சக்கரவர்த்தி ஒருவர்: ஐந்தேகால் ரியால். மூக்கும் ஒரு கண்ணும் இல்லாத அழகி: இரண்டு ரியால், பன்னிரண்டு மரவேதி. இப்படியே போய் மொத்தம் நாற்பதே முக்கால் ரியால்.

செர்வாந்தெஸ் எழுதிய 'டான் குவிக்ஸாட்' நாவலின் இரண்டாம் பாகத்தில், 1615-இல் வெளிவந்த பாகத்தில், 26-ஆம் அத்தியாயத்தில் வருகிறது இந்தக் கணக்கு. ஒரு சத்திரத்துக்குப் பெத்ரோ வாத்தியார் என்ற ஊர்சுற்றிப் பொம்மலாட்டக்காரர் வருகிறார். ஆட்டம் நடக்கிறது. ஸ்பெயினின் முஸ்லிம்களான மூர்களிடம் சிறைப்பட்ட மெலிசேந்திராவை அவள் கணவன் கைஃபெரோஸ் குதிரையில் ஏற்றிக்கொண்டு தப்புகிறான். மூர்களின் படை துரத்துகிறது. பார்த்துக்கொண்டிருக்கும் டான் குவிக்ஸாட்டுக்குப் பொறுக்கவில்லை. என் கண்ணெதிரே இப்படியொரு அநியாயமா என்று வாளை உருவிக்கொண்டு மேடைக்குள் பாய்ந்து, மூர்களை வெட்டுவதாக நினைத்துப் பொம்மைகளை வெட்டித் தள்ளிவிடுகிறார். வாத்தியாரின் பிழைப்பு நொடியில் தூளாகிறது.

இதுவரை பலருக்கும் தெரிந்த கதை. நான் சொல்ல வந்தது அதற்கடுத்த இரண்டு பக்கம். கோபம் தணிந்ததும் டான் குவிக்ஸாட் நஷ்டஈடு தர ஒப்புக்கொள்கிறார். சத்திரக்காரரும் டான் குவிக்ஸாட்டின் சேவகன் சாஞ்சோவும் மதிப்பு போட உட்காருகிறார்கள். பெத்ரோ ஒவ்வொரு பொம்மையாகத் தரையிலிருந்து எடுத்து விலை சொல்கிறார். பிளந்துபோன சார்லமேன் சக்கரவர்த்திக்கு ஐந்தேகால் என்கிறார். சாஞ்சோ இழுக்கிறான். சத்திரக்காரர் நடுவில் புகுந்து ஐந்தாக முடித்துக்கொள்ளலாம் என்கிறார். டான் குவிக்ஸாட்டோ பேரமே வேண்டாம், அந்தக் கால் ரியாலையும் சேர்த்தே கொடு என்று சொல்லிவிடுகிறார்.

அடுத்தது மெலிசேந்திரா. இங்கேதான் அவர் ஒப்புக்கொள்ள மறுக்கிறார். அவள் இந்நேரம் கணவனோடு பிரான்ஸ் எல்லையைத் தாண்டியிருப்பாள், இது அவளாக இருக்க முடியாது என்கிறார். மனுஷருக்குப் பழைய பித்து திரும்புகிறது என்று பெத்ரோ புரிந்துகொள்கிறார். சரிதான், இது அவள் பணிப்பெண்களில் ஒருத்தியாக இருக்கும், அறுபது மரவேதி போதும் என்று விலையைக் குறைத்துக்கொள்கிறார்.

காசு கொடுப்பதில் கணக்குப் பார்க்காத மனிதர், கதையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார். கலைக்குப் பணம் கொடுக்கும் மனிதரைப் பற்றி இதைவிடச் சரியாக எழுதப்பட்ட பக்கங்களை நான் படித்ததில்லை. சத்திரத்தில் உட்கார்ந்திருந்த மற்ற எல்லோருக்கும் அது பொழுதுபோக்கு. ஒருவருக்கு மட்டும் அது நிஜம். உடைந்ததற்குக் காசு கொடுத்ததும் அவர் ஒருவர்தான்.

இனி 1918. வின்னரெட்டாவுக்கு அப்போது 53 வயது. கணவர் எட்மண்ட் தெ போலிஞாக் இறந்து பதினேழு வருஷம் ஆகிவிட்டது. ஸ்பெயின் இசையமைப்பாளர் மனுவேல் தெ ஃபாயாவிடம் தன் வீட்டுக் கூடத்துக்கு ஒரு சின்ன மேடை இசை நாடகம் எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறார். என்ன கதை என்று அவர் விதிக்கவில்லை. வாக்னருக்கும் ரிச்சர்ட் ஸ்ட்ராஸுக்கும் பிறகு நூறு பேர் வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ரா போதும் போதும் என்றாகிவிட்டது, இனி இருபது பேர் வாசிக்கும் இசைக்குக் காலம் வரும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். அதே எண்ணத்தில்தான் நரிக்கதையும் சாக்ரடீஸும் கேட்டு வாங்கினார். ஃபாயா கதை தேடி செர்வாந்தெஸிடம் போனார். மேலே சொன்ன அந்தச் சத்திரத்துக் காட்சியையே எடுத்துக்கொண்டார்.

எழுதி முடிக்க ஐந்து ஆண்டு ஆயிற்று. அரை மணி நேரம்கூட ஓடாத ஒரு படைப்புக்கு ஐந்து ஆண்டு. சீமாட்டி காத்திருந்தார். முதலில் 1923 மார்ச் 23 அன்று செவில் நகரில் மேடைக்காட்சி இல்லாமல் கச்சேரியாக நடந்தது. பொம்மைகளோடு முழு நாடகமாக அரங்கேறியது 1923 ஜூன் 25 அன்று, பாரிஸில் அவர் வீட்டு இசைக்கூடத்தில்.

அதற்குள் கிரனாடாவில் ஒன்று நடந்திருந்தது. இந்தத் தொடரில் இதற்கு இடமில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. 1923 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள். ஸ்பெயினில் குழந்தைகளுக்குப் பரிசு கொடுக்கும் நாள். கவிஞர் ஃபெதரிகோ கார்சியா லோர்காவின் வீட்டில் பிள்ளைகளுக்காக ஒரு பொம்மலாட்டம். லோர்காவே ஏற்பாடு செய்தார். பொம்மைத் தலைகளைச் செதுக்கியவர் ஹெர்மெனெகில்டோ லான்ஸ். பியானோவில் ஃபாயா. ஹார்ப்ஸிகார்டின் ஓசை வர வேண்டும் என்பதற்காகப் பியானோத் தந்திகளுக்கு நடுவே காகிதத்தைச் செருகி வைத்து வாசித்தாராம் அவர். ஐரோப்பாவின் முன்வரிசை இசையமைப்பாளர் ஒருவர், தெருப்பிள்ளைகள் கூடியிருக்கும் வீட்டில் காகிதம் செருகிய பியானோவில் தன் அடுத்த நாடகத்துக்கான ஓசையைத் தேடிக்கொண்டிருக்கிறார். அந்தக் குழந்தைகள் எவ்வளவு கொடுத்து வைத்தவர்கள்!

ஆறு மாதத்துக்குள் பாரிஸ். அங்கேயும் பொம்மைத் தலைகள் லான்ஸ் செதுக்கியவைதான். காட்சி ஜோடனை மனுவேல் ஆங்கெலெஸ் ஓர்திஸ். இந்த முறை காகிதம் செருக வேண்டியிருக்கவில்லை; நிஜமான ஹார்ப்ஸிகார்டில் வாண்டா லாண்டோவ்ஸ்காவே உட்கார்ந்தார். மியூசியத்தில் தூங்கிக்கொண்டிருந்த அந்த வாத்தியத்தை எழுப்பி மறுபடி கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த அம்மையார் அவர். ஆர்க்கெஸ்ட்ரா இருபது சொச்சம் பேர். நடத்தியவர் விளாதிமிர் கோல்ஷ்மான். பாடகர்கள் மூன்றே பேர்: கதை சொல்லும் பையன், பெத்ரோ வாத்தியார், டான் குவிக்ஸாட். பொம்மைகளை ஆட்டக் கைகொடுத்தவர்களில் ஒருவர் ரிகார்தோ வின்யெஸ். ரவேலின் பியானோ படைப்புகள் பலவற்றை முதன்முதலாக மேடையில் வாசித்த கைகள் அவருடையவை. அன்றைக்கு அந்தக் கைகள் பொம்மை ஆட்டின.

மேடையில் இரண்டு அளவுப் பொம்மைகள். ஆட்டத்துக்குள் வரும் மெலிசேந்திரா, கைஃபெரோஸ், மூர்கள் எல்லாம் சின்னப் பொம்மைகள். அந்த ஆட்டத்தைப் பார்க்கும் டான் குவிக்ஸாட், சாஞ்சோ, சத்திரக்காரர் எல்லாம் பெரிய பொம்மைகள். பாடகர்கள் ஆர்க்கெஸ்ட்ராவோடு கீழே இருந்து பாடினார்கள். பார்ப்பவர்களும் பொம்மை, பார்க்கப்படுபவர்களும் பொம்மை. கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பாரிஸ் பிரமுகர்களுக்கு எதிரே, ஆட்டம் பார்க்க வந்த இன்னொரு கூட்டம் மரப்பொம்மைகளாக உட்கார்ந்திருந்தது. கடைசியில் பெரிய பொம்மை எழுந்து சின்னப் பொம்மைகளை வெட்டுகிறது. ஃபாயா அந்த நஷ்டஈட்டுக் கணக்கை நாடகத்தில் சேர்க்கவில்லை. வீரத்தையும் தன் மனத்து நாயகி துல்சினேயாவையும் போற்றி டான் குவிக்ஸாட் பாடுவதோடு முடித்துவிட்டார். இசை நாடகத்துக்கு அது சரியான முடிவுதான். அந்தக் கணக்கை நிஜத்தில் தீர்த்த அம்மையார் எதிரே உட்கார்ந்திருந்தார்.

இந்த வீட்டுக் கூடத்து நாடகங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு வின்னரெட்டாவின் தகப்பனாரின் ஞாபகம் வருகிறது. ஐசக் சிங்கர் என்றால் எல்லோருக்கும் தையல் மிஷின். ஆனால் அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்டது நடிகராக. 1839-இல் பாறை துளைக்கும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கி, அதை 2,000 டாலருக்கு விற்று, அந்தப் பணத்தில் 'மெரிட் பிளேயர்ஸ்' என்று ஒரு நாடகக் கம்பெனி நடத்தி ஊர் ஊராகப் போனார். பணம் கரைந்தது, கம்பெனி கலைந்தது. தையல் மிஷின் காப்புரிமை 1851-இல்தான். தகப்பனாருக்கு 24 பிள்ளைகள், வின்னரெட்டா 20-ஆவது. அவர் இறந்தபோது இவருக்குப் பத்து வயது. வண்டியில் மேடையை ஏற்றிக்கொண்டு சத்திரம் சத்திரமாகப் போகும் பெத்ரோ வாத்தியாரின் கதையை ஃபாயா கொண்டுவந்தபோது இவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஊர்சுற்றி நடிகரின் மகள் அவர்.

பணம் இருக்கும் எவரும் இப்படிக் கொடுக்கலாமே என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். கொடுக்கலாம்தான். ஆனால் பதினாலாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, பேத்தோவன் கடைசிக் காலத்தில் எழுதிய ஓபஸ் 131 நால்வர் இசையை வீட்டில் வாசிக்கச் சொல்லிக் கேட்ட பெண் இவர். அன்றைக்குத் தேர்ந்த ரசிகர்களே புரியவில்லை என்று ஒதுக்கிவைத்த படைப்பு அது. பிறகு ஓவியம் கற்றார். பியானோவும் ஆர்கனும் வாசித்தார். 22 வயதில் ஓர் இளவரசருக்கு மணம் முடித்தார்கள். இவர் பெண்களை நேசித்தவர். அந்த வாழ்க்கை முதல் இரவிலேயே முறிந்துபோயிற்று. 1892-இல் திருச்சபை அதை ரத்து செய்தது. அடுத்த வருஷம் எட்மண்டைக் கைப்பிடித்தார். அவருக்கு 59 வயது. ஆண்களை நேசித்தவர், கையில் காசில்லாத இசையமைப்பாளர். ஊர் சிரித்தது. ஆனால் பாரிஸில் அதைவிட நேர்மையான தாம்பத்தியம் எத்தனை இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. இருவரையும் இணைத்தது சங்கீதம்.

எட்மண்ட் தானே சொல்லிச் சந்தோஷப்படும் கதை ஒன்றை மார்செல் ப்ரூஸ்ட் பதிவு செய்திருக்கிறார். மோனே வரைந்த ஹாலந்து துலிப் வயல் ஓவியம் ஏலத்துக்கு வந்தது. எட்மண்டுக்கு அதன்மேல் உயிர். யாரோ ஓர் அமெரிக்கப் பெண் விலையை ஏற்றி வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று மனம் கொதித்தார். சில வருஷத்தில் அந்த அமெரிக்கப் பெண்ணையே மணந்தார். ஓவியத்தை ஆசை தீரப் பார்த்தார். இன்று அது பாரிஸ் ஓர்சே மியூசியத்தில் இருக்கிறது. வின்னரெட்டா உயில் எழுதி நாட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

1901-இல் எட்மண்ட் போனார். அதற்குப் பிறகுதான் கேட்டு வாங்கிய இசைகளின் பட்டியல் நீள்கிறது. இது தற்செயல் என்று நான் நம்பவில்லை. இசையைப் பற்றிப் பேச ஆள் போய்விட்ட வீட்டில், பேச்சைத் தொடர்வதற்கு அவர் கண்ட வழி இது.

1923-இல் நடந்த அந்த ஒரு பொம்மலாட்ட ராத்திரியின் பலனைப் பாருங்கள். விருந்தாளிகளில் ஃபிரான்சிஸ் பூலாங்க் என்ற 24 வயது இளைஞர் இருந்தார். லாண்டோவ்ஸ்காவை முதன்முதலாக அங்கேதான் சந்தித்தார். அதன் விளைவாக அவர் எழுதிய 'கான்செர் ஷாம்பெத்ர்' இன்றும் ஹார்ப்ஸிகார்ட் கலைஞர்கள் விரும்பி வாசிக்கும் கான்செர்ட்டோ. ஃபாயாவும் லாண்டோவ்ஸ்காவுக்காக ஒரு கான்செர்ட்டோ எழுதினார். 1926-இல் பார்சிலோனாவில் அரங்கேறியது. பூலாங்க் அந்த வீட்டுக்கே மறுபடி வந்தார்: 1932-இல் இரண்டு பியானோவுக்கான கான்செர்ட்டோ, 1938-இல் ஆர்கன் கான்செர்ட்டோ, இரண்டும் வின்னரெட்டா கேட்டு எழுதியவை. முப்பது நிமிடத்துக்கும் குறைவான ஒரு பொம்மலாட்டத்திலிருந்து இத்தனை.

வின்னரெட்டா 1943 நவம்பரில், யுத்தத்தின் நடுவே லண்டனில் காலமானார். அவருடைய பாரிஸ் வீடு இன்று அவர் பெயரில் உள்ள அறக்கட்டளையிடம் இருக்கிறது. அந்தக் கூடத்தில் இன்றும் இளம் கலைஞர்கள் கச்சேரி செய்கிறார்கள்.

'சாக்ரடீஸ்' அடுத்த வாரம். அது வேறு மாதிரியான கதை. பிளேட்டோவை மூலத்தில் படிப்பதற்காகக் கிரேக்கம் கற்றுக்கொண்ட சீமாட்டி. விமர்சகர் ஒருவருக்குத் தபால் அட்டையில் வசை எழுதி அனுப்பி, கோர்ட்டில் எட்டு நாள் சிறைத் தண்டனை வாங்கிய சாத்தி. அந்த வழக்கிலிருந்து அவரைக் கரையேற்றப் போன அதே தையல் மிஷின் பணம். அதைப் படிப்பதற்கு முன் ஃபாயாவின் பொம்மலாட்டத்தை ஒருமுறை கேட்டு வையுங்கள். ஒலிப்பதிவுகள் எளிதாகக் கிடைக்கின்றன. கதை சொல்லும் பையனின் குரல் வரும் இடங்களில் ஹார்ப்ஸிகார்டைக் கவனித்துக் கேளுங்கள்.